வயற்பாதை ஜீப்பிற்கு ஏற்ற வில்லைத் தெரிந்தெடுத்தல்

வயலிலிருந்து பெருவீதிக்குச் செல்லும் வழி பலவிடங்களில் வழியென்று சொல்லத்தக்கதாக இல்லை. குளக்கட்டின் மேலும் வாய்க்காற் கரையிலும் அமைந்த கிரவல் ஒழுங்கைகள் மாரியிற் சேற்று வயலாகவும், கோடையில் நெளிதகரம்போல வரிவரியாகவும் ஆகிவிடுகின்றன. உழவு இயந்திரமும் பெட்டியும் உடைய கமக்காரருக்கு இதனாற் பெருந்தொல்லை இல்லை. ஆயின், மரக்கறிப் பயிர் செய்து விடியுமுன் சந்தையை அடைய வேண்டியவர்கள் நான்கு சில்லுகளும் இயங்கும் ஜீப் வண்டியையே நாடுகின்றனர். 2020ஆம் ஆண்டு மார்ச்சு மாதத்தில் நிறுத்தப்பட்ட வாகன இறக்குமதி, தனியார் வாகனங்களைப் பொறுத்தவரையில் 2025ஆம் ஆண்டு பெப்ரவரியிலேயே மீண்டும் தொடங்கியது. இவ்விடைக்காலத்திற் பழைய லாண்ட் றோவரையும் மிற்சுபிஷி ஜீப்பையும் திருத்தித் திருத்தி ஓட்டியவர்கள் பலர். அவ்வண்டிகள் இன்றும் ஓடுகின்றன.

இத்தகைய வண்டியை உடையவர் அதனைச் சிறிது மாற்றியமைப்பதும் வழக்கம். முன்னே ஓர் இரும்புக் காப்புச்சட்டம், சேற்றிற் புதைந்தால் இழுத்தெடுக்க ஒரு வின்ச், சற்றுப் பெரிய ரயர், பின்னே கூடைகளை அடுக்க ஒரு கம்பிக்கூடு, இவ்வளவே. சில நாட்களில் வண்டியின் மூக்குத் தாழ்ந்திருப்பதையும், பாரம் ஏற்றினாற் பின்பக்கம் இடிப்பதையும் கண்டு அவர் கராஜுக்குச் செல்கின்றார். அங்கே கிடைக்கும் விடை பெரும்பாலும் ஒன்றே: "ஸ்பிரிங்குக்கு இரண்டு தகடு கூடப் போடுவம்." இவ்விடை சில வேளைகளிற் சரியாகும், பல வேளைகளிற் பிழையாகும். பிழையானால் அடிபடுவது இரும்பு மட்டுமன்று. கூடையின் அடியிலுள்ள தக்காளியும், ஓட்டுபவரின் இடுப்பும், கரையோர வளைவில் வண்டியின் நிலைப்பும் அதனோடு சேர்ந்து அடிபடுகின்றன.

உயரம் வேறு, விறைப்பு வேறு

வில்லொன்றுக்கு இரண்டு குணங்கள் உண்டு. பாரமின்றி வைத்தால் அது எவ்வளவு வளைந்து உயர்ந்து நிற்கின்றது என்பது ஒன்று. பாரம் ஏற்றும்போது ஒவ்வொரு கிலோகிராமுக்கும் எவ்வளவு தாழ்கின்றது என்பது மற்றொன்று. முன்னையது உயரம், பின்னையது விறைப்பு. ஒரே விறைப்புள்ள இரண்டு விற்கள் வெவ்வேறு உயரத்தில் வண்டியைத் தாங்கக்கூடும். கராஜுகளில் இவ்விரண்டையும் ஒன்றாகக் கலந்து பேசுவதனாலேயே பணம் வீணாகின்றது.

வில்லின் தாழ்வு பாரத்திற்கு நேர்விகிதமாகக் கூடும் என்பதை ஆங்கில அறிஞர் றொபேட் ஹூக் 1678ஆம் ஆண்டில் நூலாக வெளியிட்டார். நூறு கிலோகிராமுக்கு 20 மில்லிமீற்றர் தாழும் வில், இருநூறுக்கு 40 மில்லிமீற்றர் தாழும். கமக்காரர் தம் வண்டியின் வில்லைத் தாமே அளந்து அறிவதற்கு இவ்வொரு விதியே போதுமானது.

நெடுங்காலம் உழைத்த வில் தன் வளைவை இழந்து தட்டையாகிவிடும். அப்போது வண்டி தாழ்ந்து நிற்கும். இதனைக் கண்டவுடன் "வில் மெலிந்துவிட்டது" என்பர். உண்மையில் அதன் உயரமே குறைந்தது. தகடுகளின் தடிப்புக் குறையாதவரையில் விறைப்பு ஏறத்தாழ முன்போலவே இருக்கும். ஆகவே தட்டையான வில்லுக்கு மேலதிகத் தகடு சேர்த்தால், இழந்த உயரத்தோடு வேண்டாத விறைப்பும் வந்து சேரும். அவ்வில்லுக்கு வேண்டியது அதே விறைப்பும் உரிய வளைவும் உள்ள புதிய வில் ஒன்றேயாம்.

விறைப்பு எத்துணை விரைவாகக் கூடும் என்பதையும் அறிந்திருத்தல் வேண்டும். சமதடிப்பான ஏழு தகடுகளுள்ள வில்லில் அதே தடிப்பில் எட்டாவது முழுநீளத் தகட்டைச் சேர்த்தால் விறைப்பு ஏறத்தாழ ஏழிலொரு பங்கு கூடும். ஆனாற் தடிப்பை மாற்றும்போது கணக்கு வேறு. தகட்டின் விறைப்பு அதன் தடிப்பின் மும்மடிக்கு ஏற்பக் கூடுவதாகும். 6 மில்லிமீற்றர்த் தகட்டிற்குப் பதிலாக 7 மில்லிமீற்றர்த் தகட்டை இட்டால், அத்தகடு முன்னையதிலும் ஏறக்குறைய 59 வீதம் விறைப்பானது. சுருள்வில்லில் இது இன்னும் கடுமை. 12 மில்லிமீற்றர்க் கம்பிக்குப் பதிலாக 13 மில்லிமீற்றர்க் கம்பியால் அதே அளவிற் சுற்றிய சுருள் 38 வீதம் விறைப்பாகும். "ஒரு நூல்தானே தடிப்பு" என்று கடைக்காரர் சொல்வதை இக்கணக்கோடு ஒப்பிட்டுப் பார்க்க.

அந்தர்ப் பையைக் கொண்டு அளத்தல்

வில் வாங்குமுன் இருக்கும் வில்லை அளத்தல் வேண்டும். இதற்கு விலையுயர்ந்த கருவி எதுவும் தேவையில்லை. ஓர் அந்தர், அதாவது 50 கிலோகிராம் யூரியாப் பைகள் நான்கும், ஓர் அளவு நாடாவும், சமதளமான களமும் போதும். நெல் உலர்த்தும் சீமெந்துத் தளம் மிக நன்று.

வண்டியைத் தளத்தில் நிறுத்தி, பின்சில்லின் நடுவிலிருந்து அதற்கு நேர்மேலேயுள்ள உடலின் விளிம்புவரை இருபுறமும் அளந்து குறித்துக்கொள்க. பின்னர் நான்கு பைகளையும் பின் அச்சிற்கு நேர்மேலே, இருபுறமும் சமமாக வைத்து மீண்டும் அளந்துகொள்க. தகட்டு வில்லிற் தகடுகள் ஒன்றோடொன்று உராய்ந்து பற்றிக்கொள்வதால், ஒவ்வொரு முறையும் அளக்குமுன் வண்டியை இரண்டு மூன்று தடவை அமுக்கி ஆட்டிவிடல் அவசியம். பைகளை இறக்கும்போதும் அளந்து, ஏற்றிய அளவுக்கும் இறக்கிய அளவுக்கும் நடுவானதைக் கொள்வதே சரியான முறை. இரண்டுக்கும் மிகுந்த வேறுபாடு இருப்பின் தகடுகள் துருவேறி இறுகியுள்ளன என்று அறிக. அவ்வாறான வில்லைக் கழற்றித் தகடு தகடாகத் துப்புரவாக்கி, பென்சிற்கரி கலந்த கிறீஸ் பூசிப் பூட்டியபின் மீண்டும் அளக்க வேண்டும். வண்டி தூக்கிப்போடுகின்றது என்ற முறைப்பாடுகளுட் பல இவ்வொரு வேலையோடு தீர்ந்துவிடும். பழைய எஞ்சின் எண்ணெயை ஊற்றுவது வழக்கமாயினும், அது றப்பர் புஷ்களைக் கெடுத்துவிடும்.

ஓர் உதாரணம் கொள்வோம். 200 கிலோகிராமுக்கு வண்டியின் பின்பக்கம் 40 மில்லிமீற்றர் தாழ்ந்தது. எனவே இரு பின்விற்களும் சேர்ந்து மில்லிமீற்றருக்கு 5 கிலோகிராம் தாங்குகின்றன. வெறும் வண்டியில், அச்சிற்கும் அடிச்சட்டத்தின் றப்பர் முட்டிற்கும் இடையே 90 மில்லிமீற்றர் இடைவெளி உண்டு. இவர் வழமையாக 300 கிலோகிராம் மரக்கறி ஏற்றுகின்றார். அதற்கு 60 மில்லிமீற்றர் தாழும். எஞ்சுவது 30 மில்லிமீற்றர். ஒழுங்கையின் முதற் பள்ளத்திலேயே அச்சு முட்டை இடித்துவிடும். இடிக்கும் கணத்தில் வில் இல்லாத வண்டியும் இவ்வண்டியும் ஒன்றே. பாரம் ஏற்றியபின் இரண்டங்குலமேனும், அதாவது 50 மில்லிமீற்றரேனும், இடைவெளி இருத்தல் வேண்டும் என்பது என் எண்ணம்.

அவ்வாறு 50 மில்லிமீற்றர் எஞ்ச வேண்டுமாயின் 300 கிலோகிராமுக்கு வில் 40 மில்லிமீற்றர் மட்டுமே தாழலாம். மில்லிமீற்றருக்கு 7.5 கிலோகிராம் விறைப்பு வேண்டும். இது முன்னையதிலும் அரைவாசி அதிகம். "சரி, அதனையே வாங்குவோம்" என்று புறப்படுமுன் மறுபுறத்தையும் நோக்குதல் வேண்டும்.

வெறுமையாய்ப் போய் நிறைவாய் வருதல்

கமக்காரரின் வண்டி ஒருவழி பாரத்தோடும் மறுவழி வெறுமையாகவும் ஓடுவது. பள்ளிக்குப் பிள்ளைகளை ஏற்றிச்செல்வதும் அதுவே. ஆதலால் வெறும் வண்டியில் வில் எவ்வாறு நடந்துகொள்ளும் என்பதே பெரிய கேள்வி.

வில்லின்மேல் நிற்கும் வண்டி நிமிடத்திற்கு எத்தனை முறை ஆடும் என்பதை எளிதாகக் கணிக்கலாம். வில்லின்மேல் உள்ள நிறையை விறைப்பினாற் பிரித்தால் தாழ்வு வரும். அதனைச் சென்ரிமீற்றரில் எழுதி, அதன் வர்க்கமூலத்தால் 300ஐப் பிரித்தால் ஆட்டத்தின் எண்ணிக்கை கிடைக்கும். நம் உதாரண வண்டியின் பின்விற்களின்மேல் வெறுமையாய் இருக்கும்போது 500 கிலோகிராம் உள்ளதெனக் கொள்வோம். சில்லும் அச்சும் வில்லின்கீழ் இருப்பதால் அவற்றின் நிறை இதிற் சேராது. பழைய வில்லிற் தாழ்வு 10 சென்ரிமீற்றர். ஆட்டம் நிமிடத்திற்கு 95. பாரம் ஏற்றியபின் தாழ்வு 16 சென்ரிமீற்றர், ஆட்டம் 75. புதிய விறைப்பான வில்லில் வெறும் வண்டி 116 முறையும், பார வண்டி 92 முறையும் ஆடும். மோட்டார்க் கார்களில் இவ்வெண்ணிக்கை பெரும்பாலும் 60க்கும் 90க்கும் இடையில் இருக்கும். 116 என்பது வரிவரியான கிரவல் வீதியில் பின்சில்லு நிலத்தை விட்டுத் துள்ளும் வண்டியாகும். துள்ளும் சில்லுக்குப் பிறேக்கும் இல்லை, திருப்பமும் இல்லை.

பொருளுக்கும் இதனாற் கேடு உண்டு. தட்டு மேலெழுந்து விரைவாகக் கீழிறங்கும்போது கூடைகள் ஒரு கணம் தட்டைவிட்டு எழுந்து மீண்டும் விழுகின்றன. தக்காளியும் பழுத்த பப்பாசியும் ஒவ்வொரு விழுகையிலும் கன்றுகின்றன. அக்கன்றல் சந்தையிற் தெரியாமல், வாங்கியவரின் கடையில் இரண்டாம் நாள் தெரியும். மறுவாரம் விலை பேசும்போது அதன் பலன் கமக்காரரையே வந்தடையும். பூசணிக்கும் நெல்லுக்கும் இக்கவலை இல்லை. ஆதலால் வில்லைத் தெரியுமுன் தாம் ஏற்றுவது யாது, எத்தனை நாட்கள் ஏற்றுவது என்பதை ஒரு போகம் முழுவதும் எழுதிப் பார்த்தல் நன்று. கிளிநொச்சிப் பகுதியில் நான் அறிந்த கமக்காரர் ஒருவர் அவ்வாறு எழுதிப் பார்த்தார். 600 கிலோகிராம் ஏற்றியது அறுவடைக் காலத்தில் மூன்று நாட்களே. மற்றெல்லா நாட்களும் 200 கிலோகிராமைத் தாண்டவில்லை. அவர் வண்டியில் இருந்த விற்களோ 600 கிலோகிராமுக்கென்று தகடு சேர்க்கப்பட்டவை.

இத்தகையவருக்கு ஏற்றது உதவித் தகடாகும். வில்லின் அடியில், மற்றைத் தகடுகளைப்போல வளையாது ஏறத்தாழ நேராக நிற்கும் தடித்த தகடொன்றை அமைப்பதே இம்முறை. வெறும் வண்டியில் அதன் நுனிகள் மேற்றகட்டைத் தொடா. பாரம் ஏறி வில் தட்டையாகும்போதே தொட்டுத் தாங்கத் தொடங்கும். ஆகவே வெறுமையில் மென்மையும் பாரத்தில் விறைப்பும் கிடைக்கின்றன. பிக்கப் வண்டிகளின் பின்விற்களில் அடியிலுள்ள தடித்த தகடு இவ்வேலையையே செய்கின்றது. எந்தப் பாரத்தில் உதவித் தகடு தொட வேண்டும் என்பதைக் கராஜுக்காரருக்குக் கிலோகிராமிற் சொல்லுதல் வேண்டும். பைகளை ஏற்றிக் காட்டி வாங்குதல் அதனிலும் நன்று. மேற்கூறிய கமக்காரர் சேர்த்த தகடுகளைக் கழற்றிவிட்டு இதனையே அமைத்துக்கொண்டார்.

நடுவிற் தடித்து நுனியில் மெலிந்த இரண்டு மூன்று தகடுகள் மாத்திரம் கொண்ட பரவளைவு விற்களும் லாண்ட் றோவர் போன்ற வண்டிகளுக்குக் கிடைக்கின்றன. தகடுகள் நடுவிலும் நுனியிலும் மட்டுமே தொடுவதால் உராய்வு குறைவு. ஓட்டம் மிக மென்மை. ஆனால் உராய்வு குறைந்த வில் ஆடத்தொடங்கினால் தானாக அடங்காது. நல்ல ஷொக் அப்சோபர் இன்றி இவற்றைப் பூட்டுதல் தகாது. விலையும் அதிகம். சிறு கமக்காரருக்கு இது முதற்றேவையன்று என்றே கருதுகின்றேன்.

முன்பக்கம்

இரும்புக் காப்புச்சட்டமும் வின்ச்சும் சேர்ந்து 100 கிலோகிராம் எனக் கொள்வோம். இந்நிறை முன் அச்சின்மேல் அன்றி அதற்கும் முன்னே நிற்கின்றது. எனவே தராசுக் கோல்போல முன்னை அழுத்திப் பின்னைத் தூக்கும். 88 அங்குல லாண்ட் றோவரில் அச்சிடைத் தூரம் 2235 மில்லிமீற்றர். பாரம் முன் அச்சிலிருந்து 600 மில்லிமீற்றர் முன்னே இருப்பின், முன் அச்சில் 127 கிலோகிராம் கூடும். பின் அச்சில் 27 கிலோகிராம் குறையும். முன்விற்கள் இரண்டும் சேர்ந்து மில்லிமீற்றருக்கு 5 கிலோகிராம் தாங்குமாயின் மூக்கு ஏறத்தாழ ஓர் அங்குலம் தாழும். இழந்த ஓரங்குலத்தை ஈடுசெய்ய ஓரங்குலமே போதும். இரண்டங்குலம் மூன்றங்குலம் உயர்த்தும் விற்றொகுதிகள் இவ்வேலைக்கு வேண்டாதவை. இந்நிறை எந்நாளும் வண்டியில் இருப்பதாகலின், முன்னே விறைப்பைச் சிறிது கூட்டுவது பொருத்தமே. ஒரு தகடு சேர்ப்பது இங்கே சரியான விடையாகலாம். வின்ச் உண்மையில் வேண்டுமா என்று யோசிப்பது அதனிலும் மலிவானது. வருடத்தில் இரண்டு முறை புதையும் வண்டியை அயலவரின் உழவு இயந்திரம் இழுத்துத் தரும்.

பெரிய ரயரின் நிறையை வில் தாங்குவதில்லை. எனவே ரயர் மாற்றியதற்காக விறைப்பான வில் வேண்டியதில்லை. பாரமான சில்லு குதிப்பதை அடக்கும் பொறுப்பு ஷொக் அப்சோபருக்கு உரியது.

உயர்த்துவதனால் வரும் கேடுகள் பல. பிறேக் குழாய்கள் இழுபடும். புறொப்பெலர் தண்டின் மூட்டுக்கள் கோணம் மிகுந்து தேயும். ஷக்கிள் எனப்படும் ஆடுபிணையை நீட்டி முன்னே உயர்த்தினால் முன் அச்சின் சாய்வு மாறி, திருப்புச் சில்லு நேராக நில்லாது அலையும். சில பிக்கப் வண்டிகளிற் பின் அச்சோடு கோலொன்றினால் இணைந்த பிறேக் வால்வு உண்டு. பின்பக்கம் தாழ்ந்தால் "பாரம் உண்டு" என்று பின் பிறேக்கைக் கூட்டுவதும், உயர்ந்தாற் குறைப்பதும் அதன் வேலை. உயரமான வில்லை இட்டபின் அவ்வால்வைச் சரிசெய்யாவிடின், நிறைபாரத்திலும் வண்டி வெறுமையென்றே அது கருதும். இவையெல்லாவற்றிற்கும் மேலாக, கூடைகளை உயர அடுக்கிய வண்டியை மேலும் உயர்த்திச் சாய்வான வாய்க்காற் கரையில் ஓட்டுவது உயிருக்கு ஆபத்தானது. உயரத்தை மாற்ற எண்ணுபவர் முன்னதாக மோட்டார் வாகனப் போக்குவரத்துத் திணைக்களத்தில் விசாரித்தறிதல் வேண்டும்.

வாங்குதலும் பூட்டுதலும்

கொழும்பு பஞ்சிகாவத்தையிலும் மாவட்ட நகரங்களிலும் பழைய விற்கள் தாராளமாக விற்பனைக்கு உண்டு. பழையதை வாங்குவோர் தகடுகளின் எண்ணிக்கையையும், ஒவ்வொன்றின் தடிப்பையும் அகலத்தையும், கண்ணிலிருந்து கண்வரையுள்ள நீளத்தையும் தம் வண்டியின் வில்லோடு ஒப்பிடல் வேண்டும். கண்ணையும் நடுத்துளையையும் சுற்றி மயிரிழை வெடிப்பு இருந்தால் வேண்டாம். ஒட்டவைத்த தகட்டைத் தொடவே வேண்டாம். உருக்கைப் பதப்படுத்திய பின்னரே அது வில்லாகின்றது. வெல்டிங் சூடு அப்பதத்தைக் கெடுத்துவிடும். கம்மாலையிற் சிவக்கக் காய்ச்சி வளைத்த தகடும், எண்ணெயில் ஆற்றி முறைப்படி மீண்டும் பதமிடப்படாவிட்டால், சில வாரங்களில் தட்டையாகிவிடும்.

இடமும் வலமும் ஒருங்கே மாற்றுதல் வேண்டும். பழைய லாண்ட் றோவரின் ஓட்டுநர் பக்க வில்லும் மற்றைப்பக்க வில்லும் ஒரே வளைவுடையனவல்ல. எரிபொருட் தாங்கியும் ஓட்டுபவரும் ஒருபுறம் இருப்பதால் அப்புறத்து வில் உயரமாக ஆக்கப்பட்டுள்ளது. இதனை அறியாது மாற்றிப் பூட்டிய வண்டி ஒருபுறம் சாய்ந்தே நிற்கும். அடிச்சட்டம் கோணியதென்று அஞ்சி வீண் செலவு செய்வோரும் உண்டு.

பூட்டும்போது நடுப் போல்ட்டின் தலை அச்சின் குழியிற் சரியாக அமர்ந்ததா என்று பார்க்க. பழைய யூ போல்ட்டுகளை மீண்டும் பயன்படுத்தாது புதியன இடுக. கண்ணிலுள்ள றப்பர் புஷ்களின் போல்ட்டுகளை வண்டி உயர்த்தியில் தொங்கும்போது முறுக்கினால், வண்டி இறங்கியவுடன் றப்பர் முறுகிக் கிழியும். சில்லுகளை நிலத்தில் இறக்கி, வண்டியின் நிறை வில்லின்மேல் வந்தபின்னரே அவற்றை முறுக்குதல் வேண்டும். யூ போல்ட்டுகளை முதல் நூறு கிலோமீற்றர் ஓடியபின் ஒருமுறையும், வில் படிந்தபின் இரண்டாம் முறையும் இறுக்குக. அப்போதே அந்தர்ப் பைகளை ஏற்றி மீண்டும் அளந்து, பெற்ற எண்களைப் பசளைக் கணக்கு எழுதும் கொப்பியிற் குறித்து வைக்க. அடுத்த முறை வண்டி தாழ்ந்து தோன்றும்போது ஒப்பிடுவதற்கு அவ்வெண்கள் தேவைப்படும்.